நாய்க்குப் பந்தல் போட்டும் வெயில் தணியவில்லையா? கோளாறு வாரியாகச் சரிசெய்யும் வழி

வெயில் ஏறத் தொடங்கினால் என்னிடம் வரும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: "பந்தல் போட்டாச்சு, ஆனா நாய் அதுக்குள்ள படுக்கவே மாட்டேங்குது." போய்ப் பார்த்தால், நின்றுகொண்டு பார்க்கிற ஆளுக்குப் பந்தல் நன்றாகத்தான் இருக்கும். குத்துக்காலிட்டு உட்கார்ந்து, நாயின் வயிறு படும் தரையில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தால்தான் விஷயம் புரியும். தரை சுடும், மேலிருந்து தகரம் அனலடிக்கும், மேற்கிலிருந்து வெயில் சாய்வாக உள்ளே புகுந்திருக்கும். நாய் ஒதுங்கிப் போவதில் தவறே இல்லை.

அதனால் கீழே சொல்லியிருக்கும் சோதனைகள் எல்லாவற்றையும் நாயின் உயரத்திலிருந்து, வெயில் உச்சத்தில் இருக்கும் நேரத்தில் செய்யுங்கள். காலை 8 மணிக்குப் பந்தலைச் சோதிப்பதில் பயனில்லை. உங்கள் வீட்டில் தெரியும் அறிகுறியின் தலைப்புக்குப் போய் மேலிருந்து கீழாகப் பாருங்கள். செலவில்லாத காரணம் முதலிலும் செலவு வைக்கும் காரணம் கடைசியிலும் இருக்கும்.

## முதலில் இது: நாய் தள்ளாடுகிறதா, எச்சில் கெட்டியாக வழிகிறதா?

அப்படியானால் பந்தலை விட்டுவிட்டு நாயைக் கவனியுங்கள். நிற்காத மூச்சிரைப்பு, நூல் நூலாக வழியும் எச்சில், செக்கச் சிவந்த ஈறு, வாந்தி, தள்ளாட்டம், கூப்பிட்டால் திரும்பாமை, வலிப்பு இவையெல்லாம் வெப்பத்தாக்கின் அறிகுறிகள். ஈறு வெளுத்தோ நீலம் பாரித்தோ தெரிந்தால் நிலைமை இன்னும் முற்றிவிட்டது என்று பொருள்.

நாயின் இயல்பான உடல் வெப்பம் சுமார் 38 முதல் 39.2 டிகிரி செல்சியஸ். 41 டிகிரியைத் தாண்டினால் உயிருக்கு ஆபத்து. முதலில் குளிர வையுங்கள், அதன் பிறகு வண்டியில் ஏற்றுங்கள். நிழலுக்குத் தூக்கி வந்து உடல் முழுக்க, குறிப்பாக வயிறு, தொடை இடுக்கு, கழுத்து ஆகிய இடங்களில் தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருங்கள். கூடவே விசிறுங்கள், மின்விசிறி இருந்தால் போடுங்கள். ஐஸ் தேடி நேரத்தைப் போக்க வேண்டாம், கைக்குக் கிடைக்கும் தண்ணீர் போதும். ஒரு எச்சரிக்கை: வெயிலில் கிடந்த ரப்பர் டியூபில் முதலில் வரும் தண்ணீர் கொதிக்கும். அதைத் தரையில் ஓடவிட்டு, கையில் பார்த்துவிட்டு நாயின் மேல் திருப்புங்கள்.

ஈரத் துண்டை மேலே போர்த்தி அப்படியே விடாதீர்கள். கொஞ்ச நேரத்தில் துண்டு சூடாகி வெப்பத்தை உள்ளேயே பிடித்துவைத்துக்கொள்ளும். மயக்கத்தில் இருக்கும் நாயின் வாயில் தண்ணீரைப் புகட்டக் கூடாது. தானாகக் குடித்தால் குடிக்கட்டும். காய்ச்சல் மாத்திரை கொடுக்கவே கூடாது. இது காய்ச்சல் அல்ல, மாத்திரையால் இந்தச் சூடு இறங்காது. மனிதர்களுக்கான பாராசிட்டமால் நாய்க்கு நஞ்சாகவும் முடியும். ஆசனவாயில் வைக்கும் வெப்பமானி இருந்து 39.5 டிகிரி காட்டினால் தண்ணீர் ஊற்றுவதை நிறுத்தலாம். நாய் எழுந்து நடந்தாலும் கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோய்க் காட்டியே ஆக வேண்டும். சிறுநீரகம், கல்லீரல், இரத்தம் உறைதல் ஆகியவற்றில் ஏற்பட்ட சேதம் சில மணி நேரமோ ஓரிரு நாளோ கழித்துத்தான் வெளியே தெரியும்.

## பந்தல் இருக்கிறது, நாய் உள்ளே போவதில்லை

தரை சுடுகிறதா? நான் பார்த்தவற்றில் அதிகம் இதுதான். புறங்கையைத் தரையில் அழுத்தி 7 வினாடி வையுங்கள். எடுக்கத் தோன்றினால் அது நாய் படுக்கும் இடமல்ல. காலை முழுக்க வெயில் குடித்த சிமென்ட் தரைமேல் மதியம் நிழல் விழுந்தாலும், சூடு இறங்கப் பல மணி நேரம் ஆகும். செயற்கைப் புல்லும் ரப்பர் பாயும் இன்னும் மோசம்.

செலவில்லாத வழி, பந்தலை மண் தரைக்கு நகர்த்துவது. நகர்த்த முடியாதென்றால், காலையிலேயே அந்தத் தரைமேல் நிழல் விழும்படி ஒரு சாக்கையோ பாயையோ கிழக்குப் பக்கம் கட்டுங்கள். வெயில் ஏறுவதற்கு முன்பும் ஒருமுறை, மதியம் ஒருமுறை தரையில் தண்ணீர் தெளிக்கலாம். அடுத்த படி, நான்கு செங்கல் உயரத்தில் மணல் கொட்டிச் சுற்றிலும் கரை கட்டி, மணலை ஈரமாக வைத்திருப்பது. நாய் அதைக் கொஞ்சம் தோண்டிவிட்டு உள்ளே சுருண்டுகொள்ளும். தோட்டத்தில் குழி பறிக்கிறது என்று நாயைத் திட்டுகிறவர்கள் இதை யோசிக்க வேண்டும். மேல்மண் சுடுவதால் குளிர்ந்த மண்ணைத் தேடித்தான் அது தோண்டுகிறது. இன்னும் கொஞ்சம் செலவு செய்யலாம் என்றால், தரையிலிருந்து 15 முதல் 20 செ.மீ. உயரத்தில் வலை இழுத்துக் கட்டிய கட்டில் ஒன்று செய்யுங்கள். அடியில் காற்று ஓட வேண்டும். மேலே மெத்தை போட்டால் கட்டில் செய்த பயனே போய்விடும்.

படபடக்கிறதா? தளர்வாகக் கட்டிய தார்ப்பாய் காற்றில் அடித்துக்கொள்ளும் சத்தத்துக்குப் பல நாய்கள் அஞ்சும். கீழே உட்கார்ந்து கேளுங்கள், நின்று கேட்பதைவிட அங்கே சத்தம் கூடுதல். கயிறுகளை இழுத்துக் கட்டினாலே சரியாகும்.

வீட்டு ஆள் கண்ணுக்குத் தெரிகிறாரா? தோட்டத்தின் கடைசி மூலையில் போட்ட அருமையான பந்தலை விட்டுவிட்டு, வாசற்படியின் ஒரு முழ நிழலில் நாய் ஒண்டிக்கொள்ளும். அதற்கு உங்களைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். கதவோ சமையலறை ஜன்னலோ தெரிகிற இடத்துக்குப் பந்தலை மாற்றுங்கள். எவ்வளவு செலவழித்துச் செய்த பந்தலும் இடம் தவறினால் வீண்.

எறும்பு, உண்ணி? படுக்கையைத் தூக்கிப் பாருங்கள், பந்தல் கால்களின் அடியையும் பாருங்கள். உண்ணி தென்பட்டால் நாயின் காது மடல், விரலிடுக்கு, கழுத்துப்பட்டையின் அடிப்பகுதி ஆகியவற்றையும் பார்க்க வேண்டும். நிறைய இருந்தால் மருந்தை மருத்துவர் சொல்லட்டும். தோட்டத்துக்கு அடிக்கும் பூச்சிக்கொல்லியை நாய் படுக்கும் இடத்தில் தெளிக்கக் கூடாது.

இரண்டு நாய் இருந்து ஒன்று மட்டும் வெளியே நிற்கிறதா? உள்ளே இருப்பது மற்றதை விடவில்லை. நிழலை அகலப்படுத்துவதைவிட, தள்ளி இரண்டாவதாக ஒரு சின்ன நிழல் போடுவதே பலன் தரும். மூன்று பக்கம் அடைத்து ஒரே வழி வைத்த பந்தலுக்குள் பயந்த நாய் நுழையாது. இரண்டு பக்கமாவது திறந்திருக்கட்டும்.

## காலையில் நல்ல நிழல், 3 மணிக்கு நாய் வெயிலில் கிடக்கிறது

பந்தல் அப்படியே இருக்கும், நிழல் நகர்ந்திருக்கும். 2 மீட்டர் உயரத்தில் 2 மீட்டர் அகலத்துக்குக் கூரை போட்டிருக்கிறீர்கள் என்று வையுங்கள். சூரியன் உச்சியிலிருந்து பாதி இறங்கி 45 டிகிரியில் நிற்கும்போது, கூரையின் நிழல் 2 மீட்டர் தள்ளி விழும். அதாவது கூரைக்கு நேர் கீழே நிழலே இருக்காது. கூரை உயர உயர நிழல் அதிக தூரம் ஓடும்.

ஒரு நாள் மட்டும் சிரமம் பாருங்கள். 10 மணி, 12 மணி, 2 மணி, 4 மணிக்குப் போய் நிழலின் நான்கு மூலையிலும் கல் வைத்து வாருங்கள். நான்கு கட்டங்களும் ஒன்றன்மேல் ஒன்று விழும் பொது இடம்தான் நாய்க்கு உண்மையில் கிடைக்கும் நிழல். பெரும்பாலும் அது ஒரு நாய் நீட்டிப் படுக்கக்கூடப் போதாது, பல பந்தல்களில் அப்படி ஓர் இடமே இருக்காது.

செலவில்லாமல் செய்யக்கூடியது, படுக்கையையும் தண்ணீரையும் நிழலோடு நகர்த்துவது. பகலில் வீட்டில் ஆள் இருந்தால் இதுவே போதும். ஆள் இல்லாத வீட்டில் மேற்குப் பக்கம் ஒரு திரை தொங்கவிடுங்கள், பழைய படுக்கை விரிப்பு, சாக்கு, வலை எதுவானாலும் சரி. தரையிலிருந்து ஒரு முழம் இடைவெளி விட்டுத் தொங்கவிட்டால் காற்று கீழே நுழையும்.

புதிதாகப் போடுகிறவர்கள் கூரையைச் சாய்த்துப் போடுங்கள் என்பேன். தாழ்ந்த விளிம்பு மேற்கே, உயர்ந்த விளிம்பு கிழக்கே. தாழ்ந்த பக்கம் சாயும் வெயிலை மறிக்கும், உயர்ந்த பக்கம் வழியே சூடான காற்று வெளியேறும். பந்தலையே பெரிதாக்குவது கடைசி வழி. அதற்குக் காலும் கயிறும் காற்றின் இழுப்பும் சேர்ந்தே பெரிதாகும்.

## நிழலுக்குள்ளேயே கிடக்கிறது, ஆனாலும் மூச்சிரைக்கிறது

இதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். நாய்க்கு நம்மைப் போல் உடம்பெல்லாம் வியர்ப்பதில்லை. பாதத்தில் கொஞ்சம் வியர்க்கும், மற்றபடி மூச்சு இரைத்துத்தான் சூட்டை வெளியேற்ற வேண்டும்.

கூரை அனலடிக்கிறதா? பந்தலுக்குள் உட்கார்ந்து, கூரைக்கு அருகில் உள்ளங்கையை மேல்நோக்கி விரியுங்கள், தொட வேண்டாம். வெயிலே படாத கையில் சூடு தெரிந்தால் நாயின் முதுகிலும் அதே சூடுதான் இறங்குகிறது. தகரத்திலும் ஒற்றைத் தார்ப்பாயிலும் இது தவறாமல் நடக்கும். தகரத்தின் மேல்பக்கம் வெள்ளை அடிப்பது எளிய மருந்து. அதைவிட நல்ல மருந்து இரட்டைக் கூரை. இருக்கும் கூரைக்கு மேலே 10 முதல் 15 செ.மீ. இடைவெளி விட்டு இன்னொரு வலையோ பாயோ கட்டுங்கள். மேலே இருப்பது வெயிலை வாங்கிக்கொள்ளும், கீழே இருப்பது நிழலில் இருக்கும், இடையில் காற்று ஓடும். இடைவெளியின் ஓரங்களை அடைத்துவிட்டால் பலனில்லை. என்னைக் கேட்டால், புதுத் தகரம் வாங்கும் காசில் இரண்டு அடுக்கு வலை வாங்குவதே மேல்.

காற்று நிற்கிறதா? ஒரு துண்டு நூலை நாயின் உயரத்தில் தொங்கவிட்டுப் பாருங்கள். நூல் அசையவே இல்லையென்றால் ஏதாவது ஒரு பக்கத்தைத் திறந்துவிட வேண்டும். மதில் சுவரை ஒட்டிப் போட்ட பந்தலில் சுவரே சூட்டைக் கக்கும், ஒரு கை தூரமாவது தள்ளிப் போடுங்கள்.

மரப்பெட்டிக் கூண்டு, பிளாஸ்டிக் கூண்டு: கோடையில் இது நிழலாகாது. மேலே நிழல் இல்லாமல் வெயிலில் நிற்கும் கூண்டுக்குள் வெளியைவிடச் சூடு அதிகம். கூண்டைப் பந்தலுக்கு அடியில் வையுங்கள், இல்லையென்றால் கோடை முடியும்வரை மூடி வையுங்கள்.

வெப்பமானி என்ன சொல்கிறது? சாதாரண அறை வெப்பமானி ஒன்றைப் பந்தலுக்குள், வெயில் படாமல், நாயின் உயரத்தில் தொங்கவிடுங்கள். அது 38 டிகிரியை நெருங்கினால் காற்றும் நாயின் உடம்பும் ஒரே சூட்டில் இருக்கின்றன. அதற்குப் பிறகு எந்தப் பந்தலும் தனியாகக் காப்பாற்றாது. புழுக்கமான ஊரில் இன்னும் குறைந்த சூட்டிலேயே ஆபத்து தொடங்கிவிடும், ஏனென்றால் ஈரக் காற்றில் மூச்சிரைப்பதன் பலன் குறைகிறது. அங்கே தண்ணீரைப் புகையாகத் தெளிக்கும் குழாய்களும் பெரிதாக உதவாது, புழுக்கத்தைத்தான் கூட்டும். அந்த நேரங்களில் நாயை வீட்டுக்குள் விட்டுவிடுங்கள். அறை முழுக்க வேண்டாம், குளியலறைத் தரை போதும்.

பக், புல்டாக் போன்ற சப்பை மூக்கு நாய்கள், வயதானவை, குண்டானவை, இதயக் கோளாறு உள்ளவை ஆகியவற்றுக்கு நான் பந்தலைப் பரிந்துரைப்பதே இல்லை. வெயில் நேரத்தில் அவற்றின் இடம் வீட்டுக்குள்தான். அடர்ந்த ரோமம் என்பதற்காக ஒட்ட மழிப்பதும் தீர்வல்ல. ரோமம் போன இடத்தில் தோல் நேரடியாக வெயிலில் வேகும்.

வெளியே மின்விசிறி வைக்க நினைத்தால் அதை எலெக்ட்ரீஷியனிடம் விடுங்கள். நாய் கடிக்க எட்டாத வயர், மழைபடாத சாக்கெட், மின்கசிவு ஏற்பட்டால் உடனே துண்டிக்கும் பாதுகாப்பு சுவிட்சு ஆகிய மூன்றும் இல்லாமல், ஈரத் தரையில் நாய் படுக்கும் இடத்துக்கு மின்சாரத்தைக் கொண்டுபோகக் கூடாது.

## வலை போட்டும் நிழல் வெளிறித் தெரிகிறது

தரையில் உங்கள் கையின் நிழல் தெளிவாக விழுந்தால் வலை போதாது. 50 சதவீத நிழல் வலை பாதி வெயிலை உள்ளே விடும், அது செடிகளுக்கானது. நாய்க்கு 75 சதவீதத்துக்குக் குறையாமல் பாருங்கள். மூக்கும் காதும் வெளுத்த, வெள்ளை ரோம நாய்க்கு 90 வேண்டும், அவற்றுக்குத் தோல் எளிதில் வெந்து புண்ணாகும். புது வலை வாங்குவதற்கு முன் இருப்பதையே இரண்டாக மடித்துக் கட்டிப் பாருங்கள், பல வீடுகளில் அதுவே போதுமானதாக இருக்கிறது.

## காற்றடித்தால் பிய்கிறது, கால் பிடுங்கிக்கொள்கிறது

கிழிவது மூலை வளையத்தில்தானா? தார்ப்பாயின் உலோக வளையம் எல்லா இழுப்பையும் ஒரே புள்ளியில் வாங்குகிறது. வளையம் போன பாயைத் தூக்கிப் போட வேண்டாம். மூலையிலிருந்து ஒரு சாண் உள்ளே வழுவழுப்பான உருண்டைக் கூழாங்கல் ஒன்றைப் பாய்க்கு அடியில் வைத்து, பாயோடு சேர்த்துப் பிடித்துக் கழுத்தை முறுக்குங்கள். அந்தக் கழுத்தில் கயிற்றை இறுக்கிக் கட்டுங்கள். கல் உருவிக்கொண்டு வராது, இழுப்பு பாயின் மடிப்புகளில் பரவிவிடும். கூரான கல் வேண்டாம், பாயை அறுத்துவிடும்.

கயிறு விறைப்பாக இருக்கிறதா? நைலான் கயிற்றின் ஒரு பக்கத்தில் பழைய சைக்கிள் டியூபை ஒரு சாண் நீளத்துக்கு வெட்டி இடையில் இணையுங்கள். காற்று வீசும்போது அது நீண்டு கொடுக்கும், பாய் தப்பிக்கும். வெள்ளை கேபிள் டை வெயிலில் வெளுத்து நொறுங்கிவிடும். வெயில் தாங்கும் கறுப்பு வகை கூடுதல் காலம் நிற்கும், அதையும் பருவத்துக்கு ஒருமுறை மாற்றிவிடுங்கள்.

கால் அசைகிறதா? முளையைப் பந்தலுக்கு எதிர்ப்பக்கமாகச் சாய்த்து, முக்கால்வாசி மண்ணுக்குள் இறங்கும்படி அடிக்க வேண்டும். நேராக அடித்த முளை உருவிக்கொண்டு வரும். சிமென்ட் தரையில் மணல் வாளி வைப்பவர்கள் இந்தக் கணக்கைப் பார்க்க வேண்டும். மணிக்கு 60 கி.மீ. காற்று, தன்னை நேராக எதிர்க்கும் பாயில் சதுர மீட்டருக்குச் சுமார் 17 கிலோ எடைக்குச் சமமாகத் தள்ளும். 3 மீட்டருக்கு 3 மீட்டர் பாய் என்றால் 150 கிலோ. 20 லிட்டர் வாளி நிறைய மணல் 32 கிலோதான் வரும், நான்கு வாளி சேர்த்தாலும் 130 கிலோவைத் தாண்டாது. வலையில் காற்று ஊடுருவிப் போவதால் இழுப்பு குறையும், பெரிய பரப்புக்கு நான் வலையைச் சொல்வது அதனால்தான். புயல் எச்சரிக்கை வந்தால் எதுவானாலும் அவிழ்த்துச் சுருட்டி வைத்துவிடுங்கள்.

பிவிசி பைப் கால்கள் வெயிலில் வளையும், நாளானால் நொறுங்கும். இரண்டாவது முறை உடைந்தால் ஜிஐ பைப்புக்கு (துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய்) மாறிவிடலாம். பந்தலின் நான்கு காலையும் ஊன்ற முடியாத இடம், சுவரில் போல்ட் அடிக்க வேண்டிய இடம், மொட்டைமாடி ஆகிய மூன்றில் எதுவானாலும் வெல்டரையோ கொத்தனாரையோ கூப்பிடுங்கள். மாடியிலிருந்து பறந்து விழும் பைப் அடுத்த வீட்டு ஆளின் தலையில் விழும்.

## மழை பெய்தால் நடுவில் தொங்குகிறது

சரிவு போதவில்லை. ஒரு மீட்டர் நீளத்துக்கு 15 முதல் 20 செ.மீ. சரிவு கொடுங்கள். தேங்கும் தண்ணீர் 1 செ.மீ. ஆழம் இருந்தாலே சதுர மீட்டருக்கு 10 கிலோ, அத்தனையும் நாயின் தலைக்கு மேல் நிற்கிறது. கொசுவும் அதில்தான் முட்டையிடும்.

## தண்ணீர் சுடுகிறது, அல்லது கிண்ணம் கவிழ்ந்து கிடக்கிறது

மாலை 3 மணிக்குக் கிண்ணத்தில் விரலை விட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பாக இருந்தால் கிண்ணம் நாள் முழுக்க நிழலில் இல்லை. மேலே சொன்ன நான்கு கட்டங்களின் பொது இடத்தில் அதை வையுங்கள். எவர்சில்வர் கிண்ணம் வேகமாகச் சூடாகும், கனமான மண் தொட்டி குளிர்ச்சியாக வைத்திருக்கும், கவிழவும் கவிழாது. இலேசான கிண்ணம்தான் இருக்கிறதென்றால் பழைய டயருக்குள் வையுங்கள். நாய்க்கு ஒரு நாளைக்கு, உடல் எடையில் ஒரு கிலோவுக்குச் சுமார் 50 முதல் 60 மி.லி. தண்ணீர் சாதாரண நாளிலேயே தேவை, வெயிலில் அதற்கு மேலும் குடிக்கும். 20 கிலோ நாய்க்கு ஒரு லிட்டர் கிண்ணம் ஒன்றை மட்டும் வைத்துவிட்டு நாள் முழுக்க வெளியே போகக் கூடாது. இரண்டு இடத்தில் வையுங்கள், ஒன்று கவிழ்ந்தாலும் இன்னொன்று இருக்கும்.

## கட்டிப்போட்ட நாய் வெயிலில் மாட்டிக்கொள்கிறது

பந்தல் காலில் சங்கிலி சுற்றிக்கொண்டால் கைக்கெட்டும் தூரத்தில் நிழல் இருந்தும் நாய் வெயிலில் கிடக்கும். இரும்புச் சங்கிலி சூடாகித் தோலைச் சுடும். நாயைப் பந்தல் காலில் கட்டவே கூடாது. கட்டியே தீர வேண்டும் என்றால், சங்கிலியை முழு நீளத்துக்கு இழுத்துத் தரையில் ஒரு வட்டம் போடுங்கள். அந்த வட்டத்துக்குள் கால், கல், செடி எதுவும் இருக்கக் கூடாது, நிழலும் தண்ணீரும் இருக்க வேண்டும். ஆள் இல்லாத வீட்டில், வெயில் நாளில், கட்டிவிட்டுப் போவதை எந்த ஏற்பாட்டோடும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். ஒரு மூலையைக் கம்பி வலையால் அடைத்து அவிழ்த்துவிடுங்கள்.

## வலையையும் கயிற்றையும் கடிக்கிறது

தொங்கும் நுனிகளை முதலில் வெட்டுங்கள், ஆடுவதைத்தான் பிடித்து இழுக்கும். மேற்குத் திரையின் கீழ் விளிம்பை நாயின் வாய்க்கு எட்டாத உயரத்துக்குத் தூக்குங்கள். எட்டும் இடத்தில் வலைக்குப் பதில் மூங்கில் தட்டி வையுங்கள். நிழலுக்காகச் செடி வளர்க்கிறவர்கள் அரளியை நாய் எட்டும் இடத்தில் வைக்கக் கூடாது, இலை முதல் பூ வரை அத்தனையும் நஞ்சு.

வலை இழையோ கயிறோ விழுங்கியிருக்கலாம் என்று சந்தேகம் வந்தால், வாந்தி, சாப்பிடாமை, வயிற்றைத் தொட்டால் முனகுவது ஆகியவற்றைக் கவனியுங்கள். இவற்றில் ஒன்று தெரிந்தாலும் அன்றே மருத்துவரிடம் போங்கள். வாயிலோ ஆசனவாயிலோ இழை தொங்குவது தெரிந்தால் பிடித்து இழுக்காதீர்கள். மறுமுனை குடலில் சிக்கியிருந்தால் இழை குடலை அறுத்துவிடும். தொங்கும் இழையை அப்படியே விட்டு, விழுங்கியதைப் போன்ற இன்னொரு துண்டு வலையைக் கையோடு எடுத்துச் சென்று மருத்துவரிடம் காட்டுங்கள்.